ஸ்கிரீன்ஷாட்டில் சிக்காத அம்பு: ஒரு லினக்ஸ் லேப்டாப்பைச் சரிசெய்த பதிவு

மெஷின் விவரம் முதலில். எட்டாம் தலைமுறை ஐ5-8250யு, அதனுள்ளேயே இருக்கும் இன்டெல் யுஎச்டி 620 கிராஃபிக்ஸ், 8 ஜிபி ரேம், முழு எச்டி திரை. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஏதோ ஓர் அலுவலகத்தில் குத்தகைக் காலம் முடிந்து வெளியே வந்த லேப்டாப். அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். எதிர்வீட்டுப் பெண் கல்லூரி வேலைக்கு வைத்திருக்கிறாள்.

"அண்ணா, அம்பு ரெண்டா தெரியுது. எழுத்து பாதி பாதியா நிக்குது. வைரஸா இருக்குமா?"

வைரஸ் இல்லை. ஆனால் அவள் சொன்னதை எல்லாம் ஒரு தாளில் தனித்தனியாக எழுதிக்கொண்டேன். கிராஃபிக்ஸ் கோளாறு என்று வருபவர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு கோளாறுகளை ஒரே பெயரில் சொல்வார்கள். அவற்றுக்கு ஒரே மருந்து தேடினால் எதுவும் தீராது. இங்கே இருந்தவை இவை: சிறிது நேரம் தொடாமல் விட்டுவிட்டு மவுஸை அசைத்தால் அம்பு முதலில் நகர மறுக்கிறது, பிறகு துள்ளி வேறிடத்துக்குப் போகிறது, பழைய இடத்தில் அதன் நகல் ஒன்று தங்கிவிடுகிறது. டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) மேலும் கீழும் உருட்டினால் சில எழுத்துகளின் கீழ்ப்பாதி அழியாமல் நிற்கிறது, மெனுவை மூடினால் அந்த இடத்தில் கறுப்புச் சதுரம் மிஞ்சுகிறது. பிரவுசருக்குள் போனால் அம்பு பெரிதாகிறது. டெர்மினலில் தமிழ் உடைகிறது.

கடைசி இரண்டையும் உடனே தள்ளி வைக்கலாம். எக்ஸ்எஃப்சிஇ டெர்மினலின் அடியில் இருக்கும் விடிஇ நூலகம் ஒவ்வோர் எழுத்தையும் கட்டத்துக்குள் அடைத்துத்தான் வரையும். கொம்பும் காலும் மெய்யோடு சேர்ந்து வடிவம் பெறும் நம் எழுத்து அதற்குச் சரிப்படாது. இதற்கும் கிராஃபிக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. டெக்ஸ்ட் எடிட்டரில் அதே வரியைத் திறந்து காட்டினேன், ஒழுங்காக இருந்தது. அம்பு பெரிதாவது தீம் விவகாரம்: டெஸ்க்டாப் ஒரு கர்சர் தீமையும் அளவையும் எடுத்துக்கொள்கிறது, பிரவுசர் வேறொன்றை எடுத்துக்கொள்கிறது. அமைப்புகளில் மவுஸ் பகுதிக்குள் போய்த் தீமை ஒருமுறை மாற்றி, அளவை 24 என்று வைத்து, வெளியேறி உள்ளே வந்தால் சரி.

மீதி இரண்டுக்கு வருவோம்.

வன்பொருளா மென்பொருளா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். மெஷினை அணைத்து, பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய் அங்கேயே சிறிது நேரம் விட்டேன். லேப்டாப்பின் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தேன். கீல் வழியாகப் போகும் திரைக் கேபிள் தளர்ந்திருந்தால் அந்த அசைவில் கோடோ மினுக்கலோ வரும், அதுவும் லினக்ஸ் தொடங்கும் முன்பே வரும். ஒன்றும் வரவில்லை.

அடுத்து டச்பேட். அம்பு துள்ளுகிறது என்றால் வரைவதில்தான் கோளாறு என்று முடிவு கட்டக் கூடாது, விரல் செய்தியே தவறாக வரலாம். நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. எர்த் சரியில்லாத பிளக்கில் சார்ஜர் போட்டிருந்தால் லேப்டாப்பின் உலோக உடம்பில் விரல் வைக்கும்போது லேசாகச் சுருக்கென்று இருக்கும். அந்தக் கசிவு டச்பேடையும் குழப்பிவிடும், அம்பு நடுங்கும். சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிடுங்கினேன், மாற்றமில்லை. யுஎஸ்பி மவுஸ் செருகினேன், அதிலும் அதே தயக்கம், அதே நகல். மவுஸ், டச்பேட் செய்திகளைக் காட்டும் லிப்இன்புட் கருவியில் நிகழ்வுகளை ஓடவிட்டுப் பார்த்ததில் அசைவுச் செய்திகள் விடாமல் சீராக வந்துகொண்டிருந்தன. டச்பேடில் பழுது இருந்தால் அங்கே 'டச் ஜம்ப்' என்று எச்சரிக்கை வரும், அதுவும் இல்லை. அம்பு திரையில் உறைந்திருக்கும் அந்தக் கணத்திலும் டெர்மினலில் எண்கள் ஓடியிருக்கின்றன. ஆக, கை சொல்வது கணினிக்குப் போய்ச் சேருகிறது, திரையில் காட்டுவதில்தான் சிக்கல்.

இதற்கு மேல் ஏதாவது அமைப்பை மாற்றும் முன் நான் எப்போதும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கோளாறு கண்ணில் தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடு, அதே நேரத்தில் போனில் திரையைப் படம் பிடி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

டெர்மினலின் அரை எழுத்துகளும் கறுப்புச் சதுரமும் ஸ்கிரீன்ஷாட்டில் அப்படியே பதிவாகியிருந்தன. அப்படியென்றால் படம் நினைவகத்தில் சேரும்போதே கெட்டுவிட்டது. எக்ஸ் சர்வர் (ஜன்னல்களைத் திரையில் காட்டும் நிரல்), அதன் டிரைவர், மெசா (கிராஃபிக்ஸ் சில்லைக் கொண்டு வரையும் நூலகம்), விண்டோ மேனேஜர் ஆகியவற்றுக்குள் எங்கோ தவறு. திரைப் பேனல் மேல் குற்றம் சொல்ல முடியாது.

இரட்டை அம்பு போன் படத்தில் மட்டும் இருந்தது. ஸ்கிரீன்ஷாட்டில் ஒற்றை அம்புதான். இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். இன்றைய கணினிகளில் மவுஸ் அம்பு டெஸ்க்டாப் படத்தின் பகுதியே இல்லை. வரைபடத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, அதில் அம்பை மட்டும் வரைந்து, தாளை நகர்த்துவது போன்ற ஏற்பாடு. அம்புக்கென்று சிறிய தனி அடுக்கு ஒன்று டிஸ்ப்ளே வன்பொருளில் இருக்கிறது. இந்த வகைச் சில்லுகளில் அதன் அளவு அதிகபட்சம் 256 × 256 பிக்ஸல். படம் திரைக்குப் புறப்படும் கடைசி நொடியில் வன்பொருளே இரண்டையும் சேர்த்து அனுப்புகிறது. அம்பை நகர்த்த ஆயத்தொலையை மட்டும் மாற்றினால் போதும், அடியில் இருக்கும் எதையும் மறுபடி வரைய வேண்டாம். யோசனை புதிதல்ல, 1985இல் வந்த அமிகாவிலேயே மவுஸ் அம்பு வன்பொருள் ஸ்பிரைட்டாகத்தான் இருந்தது. ஸ்கிரீன்ஷாட் நிரல் அம்பையும் காட்ட வேண்டுமென்றால், எக்ஸ் சர்வரிடம் அம்பின் படத்தைத் தனியே கேட்டு வாங்கித் தானாக ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஸ்கிரீன்ஷாட்டில் அம்பு நன்றாக இருப்பதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அம்பு விஷயத்தில் போன் கேமராதான் சாட்சி. ஸ்லோமோஷன் இருந்தால் இன்னும் நல்லது: தயக்கம், துள்ளல், மிஞ்சும் நகல் மூன்றும் வரிசையாகத் தெரியும்.

இரண்டும் இரு வேறு நோய்கள் என்று இதிலேயே தெரிந்துவிட்டது. உறுதிப்படுத்த, நிறுவாமலே பூட் ஆகும் லைவ் யுஎஸ்பி ஒன்று போட்டேன். டெபியன் 12தான், ஆனால் க்னோம் டெஸ்க்டாப், எக்ஸ் சர்வருக்குப் பதில் வேலேண்டில் ஓடுவது. வன்பொருளும் கெர்னலும் (லினக்ஸின் உட்கரு) அதேதான்; மாறியது கெர்னலுக்கு மேலே உள்ளவை, அப்புறம் இந்த மெஷினில் யாரோ எப்போதோ எழுதிவைத்த அமைப்புக் கோப்புகள். லைவ் யுஎஸ்பியில் அரை எழுத்துகள் இல்லை, கறுப்புச் சதுரம் இல்லை. அம்பின் தயக்கமும் நகலும் அப்படியே இருந்தன. ஒரே சோதனையில் இரண்டு நோய்க்கும் இடம் குறித்தாயிற்று: ஒன்று மெஷினில் நிறுவியிருப்பதில், மற்றது கெர்னலிலோ அதற்குக் கீழோ.

முதல் நோய் சீக்கிரம் பிடிபட்டது. எக்ஸ் சர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்து கிராஃபிக்ஸ் டிரைவர் பெயரைத் தேடினேன். மோட்செட்டிங் என்று இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்எஃப்86-வீடியோ-இன்டெல் என்ற பழைய தனி டிரைவர் ஏறியிருந்தது. டெபியன் தானாக இதைத் தேர்ந்தெடுக்காது. யாராவது சொல்லியிருக்க வேண்டும். இடிசி அடைவுக்குள் எக்ஸ்11, அதற்குள் எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி, அங்கே 20-இன்டெல்.கான்ஃப் உட்கார்ந்திருந்தது. உள்ளே டிரைவர் பெயர், டியர்ஃப்ரீ, எஸ்என்ஏ என்று ஆறேழு வரிகள். வீடியோ பார்க்கும்போது திரை குறுக்கே கிழிவதைத் தடுக்க ஒரு காலத்தில் எல்லாரும் கைக்குக் கை மாற்றிக்கொண்ட அதே வரிகள்.

அந்த வரிகளுக்கு அன்று நியாயம் இருந்தது. இன்று இல்லை. அந்தத் தனி டிரைவரின் கடைசி எண்ணிட்ட வெளியீடு 2014 டிசம்பரில் வந்த 2.99.917, அதுவும் முன்னோட்டப் பதிப்புதான். இந்தச் சில்லு சந்தைக்கு வந்தது 2017இல். இடையில் அதன் மூலநிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் திருத்தங்கள் சேர்ந்தன, டெபியன் போன்ற டிஸ்ட்ரோக்கள் அவற்றை எடுத்துத் தொகுத்துத் தருகின்றன, ஆனாலும் யாரும் முனைப்பாகப் பராமரிக்கும் சரக்கு அல்ல அது. எஸ்என்ஏ என்பது ஒவ்வொரு கிராஃபிக்ஸ் தலைமுறையின் நெளிவு சுளிவையும் தானே தெரிந்து வைத்திருந்து நேரடியாக வரையும் முறை. மோட்செட்டிங் டிரைவர் அப்படியல்ல. அது எக்ஸ் சர்வரோடு வருவது, வரைகிற வேலையை கிளாமர் என்ற அடுக்கு வழியாக ஓப்பன்ஜிஎல்லிடம், அதாவது மெசாவிடம் ஒப்படைத்துவிடுகிறது. மெசா இன்றும் சுறுசுறுப்பாகத் திருத்தப்படுகிறது. இதுபோன்ற மெஷினில் பழைய கான்ஃபிக் கோப்பைக் கண்டால் அழிப்பதுதான் என் வழக்கம். அழிப்பது என்றால் பெயரின் கடைசியில் 'பழசு' என்று சேர்த்து வேறு அடைவுக்கு நகர்த்துவது. அந்த அடைவிலேயே விட்டாலும் .கான்ஃப் என்று முடியாத பெயரை எக்ஸ் படிக்காது, இருந்தாலும் ஒதுக்கிவிடுவது நிம்மதி.

மெஷினை மறுபடி தொடங்கியதும் பதிவில் மோட்செட் என்றும், கிளாமர் முடுக்கம் மெசாவின் யுஎச்டி 620இல் இயங்குகிறது என்றும் வந்தது. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையும் அதையே சொன்னது. அங்கே எல்எல்விஎம்பைப் என்று வந்திருந்தால் கவலைப்பட வேண்டும், வரைகிற சுமை முழுக்க சிபியு தலையில் விழுந்துவிட்டது என்று பொருள். டெர்மினலில் ஆயிரம் வரிகளை ஓடவிட்டு உருட்டினேன், எழுத்து சுத்தமாக அழிந்து எழுதப்பட்டது. மெனுவின் கறுப்புச் சதுரமும் போய்விட்டது.

கோப்பை எடுத்ததால் திரைக் கிழிசல் திரும்புமே என்று கேட்கலாம். எக்ஸ்எஃப்சிஇயில் அதைப் பார்த்துக்கொள்வது அதன் விண்டோ மேனேஜரான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4இன் கம்போசிட்டர், அதாவது ஜன்னல்களைச் சேர்த்து ஒரே படமாக்கும் பகுதி. 4.14 பதிப்பிலிருந்து அதற்கு ஓப்பன்ஜிஎல் வழியாகத் திரையின் தாளத்தோடு ஒத்துப்போகத் தெரியும். அமைப்புத் திருத்தியில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 பகுதியில் விபிளாங்க்_மோட் என்ற மதிப்பு 'ஆஃப்' என்று கிடந்தது. பழைய கோப்பை வைத்தவரே இதையும் அணைத்திருப்பார், இரண்டும் சேர்ந்தால் மோதும் என்று. அதை ஜிஎல்எக்ஸ் என்று மாற்றிவிட்டு, ஒரு ரயில் ஜன்னல் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன். மின்கம்பங்கள் குறுக்கே வெட்டுப்படாமல் போயின.

இரண்டாவது நோய்தான் சுவாரசியம்.

எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று அம்போடு கொஞ்ச நேரம் விளையாடினேன். கையை எடுத்து, திரையில் எதுவும் அசையாமல் விட்டு, மறுபடி தொட்டால் வரும். தொடர்ந்து மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தால் வராது. மூலையில் ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற சோதனை நிரலின் பல்சக்கரங்களைச் சுற்றவிட்டால் எவ்வளவு நேரம் கழித்துத் தொட்டாலும் வராது. சக்கரத்தை மூடிய உடனே திரும்பிவிடும். எச்டிஎம்ஐ வழியாக வெளித்திரை இணைத்து, லேப்டாப் திரையை அணைத்தால், அங்கே எப்போதும் வராது.

இந்த நான்கும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ், சுருக்கமாக பிஎஸ்ஆர். லேப்டாப்பின் உள்திரை பொதுவாக இடிபி (உள்திரைக்கான டிஸ்ப்ளேபோர்ட்) இணைப்பில் வருகிறது. படம் மாறாவிட்டாலும் விநாடிக்கு 60 முறை அதே படத்தை அனுப்பிக்கொண்டிருப்பது மின்சார விரயம். அதனால் இடிபி 1.3 தரத்தில் ஓர் ஏற்பாடு வந்தது: பேனலுக்குள் கொஞ்சம் நினைவகம் இருக்கும், படம் மாறவில்லை என்றால் கடைசிப் படத்தை அது தானே காட்டிக்கொண்டிருக்கும், கிராஃபிக்ஸ் பக்கம் இணைப்பை ஓய்வில் போட்டுவிடலாம். இன்டெல் கிராஃபிக்ஸுக்கான ஐ915 கெர்னல் டிரைவர் குறைந்தது ஆறு ஃபிரேம் அசைவில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இந்த ஓய்வுக்குள் போகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் அது விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். நீங்கள் ஒரு வாக்கியம் படித்து முடிப்பதற்குள் பல தடவை உள்ளே போய் வெளியே வந்திருக்கும். ஒழுங்காக நடந்தால் யாருக்கும் தெரியாது. அம்பு அசைந்ததும் ஓய்விலிருந்து எழுந்து புதுப் படத்தைக் கொடுப்பதில் தாமதமோ தவறோ நடந்தால், பேனல் தன் நினைவில் இருக்கும் பழைய படத்தையே காட்டும். அந்தப் பழைய படத்தில் பழைய அம்பு இருக்கும். இரட்டை அம்பின் ரகசியம் இதுதான்.

சந்தேகத்தைச் சாட்சியோடு முடிக்கலாம் என்று, கெர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸுக்குப் போனேன். சிஸ் அடைவில் கெர்னல், டீபக், டிஆர்ஐ, 0 என்று இறங்கினால் ஐ915_இடிபி_பிஎஸ்ஆர்_ஸ்டேட்டஸ் என்ற கோப்பு இருக்கும். ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். சில புதிய கெர்னல்களில் 0க்குப் பதில் 1 ஆக இருக்கலாம். அந்த மெஷினின் டெர்மினலிலேயே அதைப் படித்தால் பயன் குறைவு, ஏனென்றால் கட்டளை தட்டுவதே திரையை மாற்றி பிஎஸ்ஆரை எழுப்பிவிடும். அதனால் போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியைத் திறந்து, எஸ்எஸ்எச் மூலம் தொலைவிலிருந்தே லேப்டாப்புக்குள் நுழைந்து, லேப்டாப்பைத் தொடாமல் தள்ளி வைத்துவிட்டுப் படித்தேன். 'பிஎஸ்ஆர்1 எனேபிள்ட்' என்றும், நிலை எஸ்ஆர்டிஇஎன்டி என்றும் வந்தது. அதாவது ஓய்வுக்குள் இருக்கிறது. பல்சக்கரத்தைச் சுற்றவிட்டுப் படித்தால் நிலை ஐடில் என்று மாறியது. இங்கே ஐடில் என்றால் பிஎஸ்ஆர் சும்மா இருக்கிறது, திரைக்கு வழக்கம்போல் படம் போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்திலேயே ஐ915_இடிபி_பிஎஸ்ஆர்_டீபக் என்று இன்னொரு கோப்பு. அதில் 1 என்று எழுதினால் ரீபூட் இல்லாமலே பிஎஸ்ஆர் அணையும், 0 எழுதினால் பழைய நிலைக்குத் திரும்பும். 1 எழுதினேன், அம்பு உடனே திருந்தியது. 0 எழுதினேன், நகல் திரும்பி வந்தது. மாற்றி மாற்றிச் செய்து காட்டியதில் அந்தப் பெண்ணுக்கே வேடிக்கையாகிவிட்டது, "நானே போடறேன் அண்ணா" என்று போனை வாங்கிக்கொண்டாள். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட கெர்னலை மட்டும் தொடங்கவிடும் ஏற்பாடு) இயங்கும் மெஷினில் கெர்னல் பூட்டு போட்டிருப்பதால் இந்த எழுத்து அனுமதிக்கப்படாது. அப்போது, மெஷின் தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0 என்று சேர்த்து எஃப்10 அழுத்தலாம். அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லும், தவறினாலும் அடுத்த பூட்டில் மறைந்துவிடும்.

நிரந்தரமாக்க இடிசி அடைவில் டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் க்ரப் கோப்பைத் திறந்து, 'கொயட்' இருக்கும் வரியில் அதே அளவுருவைச் சேர்த்து, அப்டேட்-க்ரப் ஓட்டினேன். பூட் ஆனதும் பிராக் அடைவின் சிஎம்டிலைன் கோப்பில் அது வந்திருக்கிறதா, சிஸ் அடைவில் ஐ915 மாட்யூலின் அளவுருக்களில் எனேபிள்_பிஎஸ்ஆர் 0 காட்டுகிறதா என்று இரண்டையும் பார்த்தேன். மோட்ப்ரோப்.டி அடைவில் கோப்பு எழுதியும் செய்யலாம், ஆனால் ஐ915, பூட்டின் தொடக்கத்திலேயே ஓடும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ஏறிவிடக்கூடியது. அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்ட மறந்தால் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். க்ரப் வழி கண்ணுக்குத் தெரிகிற வழி.

இந்தக் கோளாறுக்கு இன்னும் மூன்று 'தீர்வுகள்' சுற்றுகின்றன. மென்பொருள் கர்சரை இயக்குவது ஒன்று. அம்பைத் தனி அடுக்கிலிருந்து எடுத்துப் படத்தோடு சேர்த்து வரைய வைப்பது அது. அடியில் ஏதாவது மாறும்போதெல்லாம் அம்பு அழிந்து மறுபடி வரும், மினுக்கும். கோளாறு அம்பு அடுக்கில் இருந்தால் மட்டும் அது சோதனையாகப் பயன்படும், தினசரிக்கு வேண்டாம். நோமோட்செட் போடுவது இரண்டாவது. அது ஐ915 டிரைவரையே வேலை செய்ய விடாமல் நிறுத்திவிடும். கோளாறு மறையும் என்பது உண்மை, கூடவே வன்பொருள் முடுக்கமும் மறையும். திரை சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்து, விசிறி ஏன் கத்துகிறது என்று அடுத்த வாரம் தேடுவார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல்: பிஎஸ்ஆர், எஃப்பிசி (திரைப் படத்தைச் சுருக்கி வைப்பது), டிசி (டிஸ்ப்ளேயின் உறக்க நிலைகள்) எல்லாவற்றையும் ஒரே வரியில் பூஜ்யமாக்கி, கூடவே இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 என்றும் சேர்ப்பது. கடைசியாகச் சொன்னது இன்டெலின் பே ட்ரெயில் சில்லுள்ள மெஷின்கள் உறைந்துபோன காலத்து மருந்து, சிபியுவை ஆழமாக உறங்கவே விடாது. பேட்டரி கரையும். நான்கில் எது வேலை செய்தது என்றும் கடைசிவரை தெரியாது. இங்கே எஃப்பிசியைத் தொடவே தேவைப்படவில்லை.

பிஎஸ்ஆர் இல்லாததற்கும் விலை உண்டு. பேட்டரியில் ஓடும்போது, திரை அசையாமல் கிடக்கையில், பவர்டாப் கருவி காட்டிய மின்செலவு முன்பைவிட அரை வாட்டுக்குள் கூடியிருந்தது. பிடிஎஃப் படிக்கும் நேரத்தில்தான் இது தெரியும். வீடியோ ஓடும்போது பிஎஸ்ஆருக்கு எப்படியும் வேலை இல்லை, அங்கே வித்தியாசமும் இல்லை. அவளிடம் சொன்னேன். "பரவால்லண்ணா, அம்பு ஒண்ணா இருந்தா போதும்" என்றாள்.

கெர்னல் பதிவில் பூட் நேரத்தில் 'பைப் ஏ ஃபைஃபோ அண்டர்ரன்' என்று ஒற்றை வரி இன்னும் வருகிறது. திரைக்குப் போக வேண்டிய தரவு ஒரு கணம் தாமதித்தது என்று அர்த்தம். பயாஸ் வைத்த நிலையிலிருந்து கெர்னல் திரையைக் கைப்பற்றும்போது ஒரு தடவை வந்து நின்றுவிட்டால் நான் பொருட்படுத்துவதில்லை. வேலையின் நடுவே திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு விசாரணை.

க்ரப் கோப்பில் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்: எதற்காகச் சேர்த்தது, எந்த கெர்னலில் பார்த்தது, எடுத்துவிட்டு எப்படிச் சோதிப்பது. டெபியன் 13 வந்துவிட்டது, அதில் கெர்னல் 6.12. அவள் செமஸ்டர் முடிந்ததும் அதற்கு மாற்றிக்கொள்வாள். அப்போது முதலில் அந்த வரி இல்லாமல் பூட் செய்து, திரையைச் சும்மா விட்டு, மவுஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும்; நகல் வராவிட்டால் வரியை எடுத்துவிடலாம்.